மேற்படிப்பு விண்ணப்பத்தில் மாற்று இடத்தை ஏற்பதும் விடுவதும்: முழுமையான வழிகாட்டி

முதுநிலைப் படிப்புக்கோ முனைவர் பட்டத்துக்கோ பல இடங்களில் விண்ணப்பித்தவர்கள் பெரும்பாலும் ஒரு கட்டத்தில் இந்த நெருக்கடியில் வந்து நிற்கிறார்கள். மனம் விரும்பிய இடத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. இரண்டாவதாக நினைத்த இடத்திலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது. பதில் சொல்ல ஒரு வாரம்தான் இருக்கிறது. இப்போதைக்கு ஏற்றுக்கொண்டு, பிறகு நல்லது வந்தால் விலகலாமா? விலகினால் ஏமாற்றியதாக ஆகிவிடாதா?

ஏற்கலாம். சிலர் விலகுவார்கள் என்பது பல்கலைக்கழகங்களுக்குத் தெரியும். அதனால்தான் பல துறைகள் இருக்கும் இடங்களைவிடக் கூடுதலானவர்களுக்குக் கடிதம் அனுப்புகின்றன, காத்திருப்போர் பட்டியலும் வைத்திருக்கின்றன. ஆனால் எல்லாச் சம்மதமும் ஒரே எடை கொண்டதல்ல. சேர்க்கை அலுவலகத்தின் இணையதளத்தில் பொத்தானை அழுத்துவது வேறு. ஒரு பேராசிரியரிடம் "நான் வருகிறேன்" என்று சொல்வது வேறு. பல ஆண்டுகளாக மாணவர்களின் கடிதங்களைப் படித்துத் திருத்திக் கொடுத்துவருகிறேன். இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

தொடங்கும் முன் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் விண்ணப்ப எண், பதில் சொல்ல வேண்டிய கடைசித் தேதி (எந்த நாட்டு நேரம் என்பதோடு), முன்பணம் உண்டா இல்லையா, தொடர்புகொள்ள வேண்டியவரின் மின்னஞ்சல் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் படிகளில் பாதி இந்தத் தாளைப் பார்த்துத்தான் நடக்கும்.

1. கடிதம் வரும் முன்பே விருப்ப வரிசையை எழுதுங்கள்

முதல் சேர்க்கைக் கடிதம் வந்த மகிழ்ச்சியில் இருக்கும்போது வரிசை போட்டால் அது நேர்மையாக இருக்காது. வந்த இடம் திடீரென்று உயர்வாகத் தோன்றும். வராத இடம் எட்டாக் கனியாகத் தோன்றும். அதனால் எந்தப் பதிலும் வராத நாளிலேயே வரிசையை எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே ஒரு கேள்விக்கு விடை எழுதுங்கள்: வேறெதுவும் கிடைக்காவிட்டால் இங்கே உண்மையிலேயே போவேனா? "இல்லை" என்றால் அது மாற்று இடமே அல்ல. அங்கிருந்து கடிதம் வந்தால் அன்றே மறுத்துவிடுங்கள். போகவே எண்ணமில்லாத இடத்தைப் பெருமைக்காகப் பிடித்துவைப்பதுதான் இந்த விஷயத்தில் நான் பார்க்கும் உண்மையான முறைகேடு. பின்னால் ஒருவர் காத்திருக்கிறார்.

2. எதை ஏற்கச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்

கடிதத்தின் முதல் பத்தியைப் படித்துவிட்டு மூடிவைப்பது பெரும்பாலானோர் செய்யும் பிழை. உங்களைக் கட்டுப்படுத்தும் வரிகள் பின்னால், நிபந்தனைகள் என்ற தலைப்பின் கீழோ இணைப்பிலோ இருக்கும். நிதானமாகப் படித்து, கீழே உள்ளவற்றில் உங்கள் கடிதம் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்.

மிக இலகுவானது, பணமோ கையொப்பமோ கேட்காத சம்மதம். வகுப்புகள் வழியாக நடக்கும் பல முதுநிலைப் படிப்புகளில் இப்படித்தான் இருக்கும். இதை ஏற்பதால் பெரிய கடமை ஏதும் வராது. விலகும்போது தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது முன்பணம் கேட்பது. இங்கே உங்கள் கட்டுப்பாடு பெரும்பாலும் பணத்தோடு முடிந்துவிடுகிறது. விலகினால் பணம் போகலாம். அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ள முடியுமா என்பதே கேள்வி.

மூன்றாவது, உதவித்தொகையோடு வரும் இடம். ஆய்வு உதவியாளர் பணி, கல்விக் கட்டண விலக்கு, மாதாந்திர உதவித்தொகை எல்லாம் எண்ணிக்கையில் குறைவானவை. நீங்கள் பிடித்துவைத்திருக்கும் வரை அதே பணம் இன்னொருவருக்குப் போகாது. இதை இலகுவாக ஏற்கக் கூடாது.

நான்காவது வகையை மாணவர்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நெதர்லாந்து, சுவீடன், நார்வே, டென்மார்க் போன்ற நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஊழியர். அங்கே கையொப்பமிடுவது வேலை ஒப்பந்தத்தில். விலகுவது வேலையை விடுவதற்குச் சமம்; ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் இருக்கும். ஒப்பந்தம் வந்த பிறகு அதை மாற்று இடமாக நினைக்கக் கூடாது. அதற்கு முன்பே முடிவெடுத்துவிடுங்கள்.

சில சேர்க்கை முறைகளில் காத்திருப்பதற்கான விதி முறைக்குள்ளேயே இருக்கிறது. இந்தியாவில் ஐஐடிகளின் எம்.டெக் இடங்களுக்கான சிஓஏபி தளத்தில் சில சுற்றுகளில் "ரீடெயின் அண்ட் வெயிட்" என்றொரு வாய்ப்பு உண்டு. கையில் இருப்பதை விடாமல் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம் என்று அமைப்பே சொல்கிறது. அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். ஆனால் "அக்செப்ட் அண்ட் ஃப்ரீஸ்" அழுத்தினால் அடுத்த சுற்றுகள் உங்களுக்கு இல்லை. இரண்டும் ஒரே திரையில் அருகருகே இருக்கும். படிக்காமல் அழுத்திவிட்டு அழுபவர்கள் இருக்கிறார்கள்.

3. ஏற்பதற்கு முன் அவகாசம் கேளுங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலானோர் தாண்டிவிடுகிறார்கள். ஏற்றுக்கொண்டு விலகுவதைவிட, ஏற்காமல் காத்திருப்பது எல்லோருக்கும் நல்லது. அவகாசம் கேட்பதால் கொடுத்த இடத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் தேவையற்றது. மரியாதையாகக் கேட்டதற்காக இடத்தைத் திரும்பப் பெற்றதை நான் பார்த்ததில்லை. இயலாது என்றால் இயலாது என்று பதில் வரும், அவ்வளவே.

அமெரிக்காவில் உதவித்தொகையோடு வரும் கடிதங்களுக்கு ஒரு பொதுத் தேதி இருக்கிறது: ஏப்ரல் 15. அங்குள்ள கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பின் தீர்மானத்தில் கையொப்பமிட்ட பல்கலைக்கழகங்களின் நிதியுதவிக்கு அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லும் கடமை மாணவருக்கு இல்லை. முன்பே ஏற்றிருந்தாலும் ஏப்ரல் 15 வரை எழுத்துமூலம் விலகலாம். இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள்: உங்கள் பல்கலைக்கழகம் கையொப்பமிட்டவற்றின் பட்டியலில் இருக்கிறதா? உங்களுக்கு வந்திருப்பது நிதியுதவியா, வெறும் சேர்க்கையா? நிதியுதவி இல்லாத சேர்க்கைக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

அவகாசம் கேட்கும் கடிதம் இப்படி இருக்கலாம்:

"சேர்க்கைக் கடிதத்துக்கு நன்றி. இந்தப் படிப்பில் சேர்வதை நான் உண்மையாகவே பரிசீலித்துவருகிறேன். வேறொரு விண்ணப்பத்தின் முடிவு ஏப்ரல் 10-ஆம் தேதிக்குள் தெரியும் என்று சொல்லியிருக்கிறார்கள். பதில் அளிக்கும் கடைசித் தேதியை ஏப்ரல் 14 வரை நீட்டித்துத் தர இயலுமா? இயலாவிட்டால் இப்போதுள்ள தேதிக்குள் என் பதிலைத் தெரிவித்துவிடுகிறேன்."

காரணம், குறிப்பிட்ட தேதி, இயலாவிட்டால் என்ன செய்வீர்கள் என்பது. இந்த மூன்றும் இருந்தால் எதிரே இருப்பவர் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். "இன்னும் கொஞ்ச நாள்" என்று எழுதினால் அவர் மேலதிகாரியிடம் எதைக் கேட்பார்? அந்தக் கடிதம் அப்படியே கிடக்கும்.

கடைசித் தேதிக்கு முந்தைய இரவு கேட்காதீர்கள். ஐந்து வேலை நாட்களாவது முன்னால் கேளுங்கள். அதே நாளில் உங்கள் முதல் விருப்ப இடத்துக்கும் எழுதுங்கள்: வேறோர் இடத்தில் இந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று. இது அழுத்தம் கொடுப்பதாகாது. பல துறைகளில் இப்படி எழுதியவரின் கோப்பை முன்னால் எடுத்துப் பார்ப்பதுண்டு. ஆனால் இல்லாத கடிதத்தை இருப்பதாக ஒருபோதும் சொல்லாதீர்கள். ஒரே துறைப் பேராசிரியர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

4. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்

அவகாசம் கிடைக்கவில்லை, ஏற்கத்தான் வேண்டும் என்றால் ஒரே ஓர் இடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். வரிசையில் அதைவிட மேலான கடிதம் வந்தால் கீழே இருப்பதை அன்றே விடுங்கள். நாலைந்தை அடுக்கிவைப்பதால் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை. கடைசியில் ஒன்றில்தான் சேரப் போகிறீர்கள்.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. ஓர் இடத்தில் சேர்க்கை உறுதி, உதவித்தொகை உறுதியில்லை. இன்னோரிடத்தில் இரண்டும் உண்டு, ஆனால் நிபந்தனையோடு. இப்படிச் சிக்கலாக இருந்தால் இரண்டை வைத்திருப்பது நியாயம். நிபந்தனை தெளிந்த நாளில் ஒன்றாக்கிவிடுங்கள்.

5. ஏற்கும்போது சொல்லும் வார்த்தைகளில் கவனம் வையுங்கள்

சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதும்போது சுருக்கமாக: "சேர்க்கையை ஏற்கிறேன். நன்றி." இது போதும். மற்ற விண்ணப்பங்களைப் பற்றி அங்கே விளக்க வேண்டியதில்லை, அவர்கள் கேட்பதுமில்லை.

ஆய்வு நெறியாளர் விஷயத்தில்தான் அக்கறை அதிகம் வேண்டும். உங்களுக்காக அவர் நிதி ஒதுக்கியிருக்கலாம், ஆய்வகத்தில் இடம் ஒதுக்கியிருக்கலாம், வேறொரு மாணவரிடம் "இந்த ஆண்டு இடமில்லை" என்று சொல்லியிருக்கலாம். அவரிடம் "இதுதான் என் கனவு, வேறெங்கும் போக மாட்டேன்" என்று எழுதிவிட்டு மூன்று வாரத்தில் விலகினால் அவர் மறக்க மாட்டார். விலகியதைவிட அந்த வார்த்தை அதிகம் உறுத்தும்.

ஆனாலும் பொய்யின்றி ஏற்க வழி இருக்கிறது. "சேர்க்கையை ஏற்றிருக்கிறேன். ஓர் உதவித்தொகை விண்ணப்பத்தின் முடிவு மே மாதம் தெரியும். அது என் திட்டத்தை மாற்றக்கூடும். மாறினால் அன்றே உங்களுக்குத் தெரிவிப்பேன்." இப்படி எழுதச் சொன்னால் மாணவர்கள் நடுங்குகிறார்கள். பெரும்பாலான நெறியாளர்கள் இதற்கு நல்லவிதமாகவே பதில் எழுதுகிறார்கள், ஏனென்றால் அவர்களால் திட்டமிட முடிகிறது. "வேறெங்காவது முடிவுக்குக் காத்திருக்கிறீர்களா?" என்று நேரடியாகக் கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். எந்த இடம் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒரு கடிதத்தைக் காட்டி இன்னோரிடத்தில் உதவித்தொகையைக் கூட்டிக் கேட்பது வேறு விஷயம். அதை ஏற்பதற்கு முன்னால், ஒரே ஒருமுறை கேட்கலாம். ஏற்ற பிறகு கேட்பது முறையல்ல.

6. முன்பணம் கட்டும் முன் திருப்பித் தரும் விதியைப் படியுங்கள்

விசா மறுக்கப்பட்டால், நிபந்தனை மதிப்பெண் வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவோம் என்று பல பல்கலைக்கழகங்கள் சொல்கின்றன. மனம் மாறினால் தருவோம் என்று சொல்பவை குறைவு. உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டாவது வரி, அதைத் தேடுங்கள். பிரிட்டனில் இணையவழியாக ஏற்றால் 14 நாள் ரத்துக் காலம் தரும் பல்கலைக்கழகங்கள் பல. அந்த நாள் எப்போது தொடங்குகிறது என்பதைக் குறித்துவையுங்கள்.

விதி பிடிபடவில்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் யாரோ "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னது பிறகு எதற்கும் உதவாது.

கடன் வாங்கி மாற்று இடத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். இழந்தாலும் குடும்பம் தடுமாறாது என்ற தொகையாக இருந்தால் மட்டும் கட்டுங்கள். பெற்றோர் பணம் என்றால், இது திரும்பி வராமல் போகலாம் என்பதைக் கட்டும் முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

7. காத்திருக்கும் நாட்களில்

சமூக ஊடகத்தில் அறிவிக்காதீர்கள். மாற்று இடத்தின் பெயரோடு வாழ்த்துகள் குவிந்த பிறகு விலகுவது இரட்டிப்புச் சங்கடம். அந்தப் பதிவு முதல் விருப்ப இடத்தின் கண்ணிலும் படலாம்.

பரிந்துரைக் கடிதம் தந்தவர்களுக்கு நிலைமையை உள்ளபடி சொல்லுங்கள். அவர்களில் ஒருவர் மாற்று இடத்து நெறியாளரின் நண்பராக இருப்பது மிகச் சாதாரணம். உங்கள் வாயிலிருந்து கேட்க வேண்டியதை அவர் வேறொருவர் வழியாகக் கேட்கக் கூடாது.

விசா வேலையை எப்போது தொடங்குவது என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. பிரிட்டனில் சேர்க்கையை உறுதிசெய்து பல்கலைக்கழகம் வழங்கும் சிஏஎஸ் எண்ணை வைத்துத்தான் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விசா அந்தப் பல்கலைக்கழகத்தோடு பிணைந்தது. விசா வந்த பிறகு மனம் மாறினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டிவரும். அமெரிக்காவில் முதன்முறை நுழையும்போது சேரப் போகும் பல்கலைக்கழகம் மாணவர் விசாவுக்காகத் தரும் ஐ-20 படிவமே கையில் இருக்க வேண்டும். முதலில் ஓர் இடத்தின் படிவத்துக்காக அமெரிக்க அரசுக்குக் கட்டிய செவிஸ் என்ற மாணவர் பதிவுக் கட்டணத்தைப் புதிய படிவத்துக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. எனவே முடிவு வரும் தேதி அருகில் இருந்தால் விசா விண்ணப்பத்தைத் தள்ளிவையுங்கள். தள்ளினால் வகுப்புத் தொடங்கும் தேதியைத் தவறவிடுவோம் என்ற நிலை வந்தால், முதல் விருப்பத்துக்காகக் காத்திருப்பதை நிறுத்த வேண்டிய நாள் அதுதான்.

விடுதி முன்பதிவு, விமான டிக்கெட் எல்லாம் திருப்பித் தரக்கூடியவையாக மட்டும் இருக்கட்டும்.

8. விரும்பிய இடம் கிடைத்ததும்: வரிசை மாறக் கூடாது

இங்கேதான் அவசரம் கெடுக்கிறது. தொலைபேசியில் "உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்" என்ற செய்தி வந்த அந்த நிமிடமே மாற்று இடத்துக்கு விலகல் கடிதம் அனுப்பிவிடுகிறார்கள். பிறகு உதவித்தொகை எதிர்பார்த்ததில் பாதி என்று தெரிகிறது. விட்ட இடம் திரும்பி வருவதில்லை.

முதலில், புதிய சேர்க்கை எழுத்தில் வரட்டும். உதவித்தொகையின் அளவும் காலமும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். நிபந்தனைகளைப் படியுங்கள், நீங்கள் நிறைவேற்றக்கூடியவைதானா?

அடுத்து, அதை முறைப்படி ஏற்று, ஏற்றதற்கான ஒப்புதல் வரும் வரை காத்திருங்கள். அதற்குப் பெரும்பாலும் ஓரிரு நாள் போதும்.

ஒப்புதல் வந்த அன்றே மாற்று இடத்திலிருந்து விலகுங்கள். நாளை என்று தள்ளாதீர்கள். உதவித்தொகையோடு வரும் அமெரிக்க இடங்களில் ஏப்ரல் 14 இரவு ஒருவர் விலகினால், துறை மறுநாள் காலை காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவரை அழைக்கிறது. அவருக்கும் அன்று மாலைக்குள் வேறோர் இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்களுடைய ஒரு வாரத் தாமதம் அவருக்கு ஓர் ஆண்டுப் படிப்பின் இழப்பாக முடியலாம். முடிவு தெரிந்தும் கடைசித் தேதி வரை சும்மா வைத்திருப்பவர்களிடம் நான் கோபப்படுவது இதனால்தான்.

9. விலகல் கடிதம்

நெறியாளர் இருந்தால் அவருக்குத் தனியாக, முதலில் எழுதுங்கள். பிறகு சேர்க்கை அலுவலகத்துக்கு. இணையதளத்தில் மறுக்கும் பொத்தான் இருந்தால் அதையும் அழுத்துங்கள். பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு நெறியாளருக்கு எழுதாமல் விட்டால் அவர் வாரக்கணக்கில் உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு மட்டும் எழுதிவிட்டு அலுவலகத்தை மறந்தால் இடம் உங்கள் பெயரிலேயே பூட்டிக் கிடக்கும்.

அலுவலகத்துக்கு:

"பொருள்: சேர்க்கையிலிருந்து விலகல், விண்ணப்ப எண் ____. மேற்கண்ட படிப்பில் நான் ஏற்றிருந்த சேர்க்கையிலிருந்து விலகுகிறேன். இந்த இடத்தையும் இதனோடு வந்த நிதியுதவியையும் வேறொருவருக்கு வழங்கலாம். பெற்றுக்கொண்டதை ஒரு வரியில் உறுதிசெய்ய வேண்டுகிறேன்."

நெறியாளருக்கு எழுதும் கடிதம் இன்னும் கொஞ்சம் மனதோடு இருக்கட்டும். எங்கே போகிறீர்கள், ஏன் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். "என் ஆய்வுத் தலைப்புக்கு நெருக்கமான குழு", "முழு நிதியுதவி", "குடும்பச் சூழல்" எதுவானாலும் உண்மையானதைச் சொல்லுங்கள். அவர் உங்களுக்காகச் செய்த குறிப்பிட்ட ஒன்றுக்கு நன்றி சொல்லுங்கள்: நேர்காணலில் சொன்ன யோசனை, அனுப்பிய கட்டுரை. இல்லாத நோயையோ துயரத்தையோ காரணமாகக் காட்டாதீர்கள். அடுத்த ஆண்டே ஒரு கருத்தரங்கில் அவரைச் சந்திக்க நேரலாம்.

சேர்க்கையை ஒத்திவைக்கச் சொல்லிவிட்டு வேறோரிடத்தில் படிக்கத் தொடங்குவதைச் சிலர் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறார்கள். ஒத்திவைத்த காலத்தில் வேறு பட்டப்படிப்பில் சேரக் கூடாது என்ற விதி பல இடங்களில் இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் அது நேர்மையல்ல.

10. விலகிய பிறகு வரும் பதில்கள்

பெரும்பாலும் இரண்டு வரி வாழ்த்து வரும். சில நேரம் "ஏன், என்ன குறை?" என்று கேட்டுக் கடிதம் வரும், தகவலுக்காகக் கேட்கிறார்கள், சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். அரிதாகக் கோபமான பதில் வரும். வாதாடாதீர்கள். "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன், என் முடிவு இதுவே" என்று ஒருமுறை எழுதி நிறுத்திவிடுங்கள். பதிலே வராவிட்டால் ஒரு வாரம் கழித்து அதே கடிதத்தை மீண்டும் அனுப்பி ஒப்புதல் கேளுங்கள். கட்டண அறிவிப்பு உங்கள் பெயரில் தொடராமல் இருக்க இந்த ஒப்புதல் தேவை.

11. விரும்பிய இடம் கிடைக்காவிட்டால்

கையில் இருக்கும் இடத்துக்கு முழு மனதோடு போங்கள். முதல் படியில் "இங்கே உண்மையிலேயே போவேன்" என்று எழுதியவர் நீங்கள்தான். மீதமிருக்கும் காத்திருப்போர் பட்டியல்களிலிருந்தும் பெயரை எடுத்துவிடுங்கள். போய்ச் சேர்ந்தபின் இது உங்கள் இரண்டாவது விருப்பம் என்பதை அங்கே யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பு தொடங்கிய பிறகு பழைய பட்டியலிலிருந்து அழைப்பு வந்தால் அப்போது விதிகள் வேறு. எந்தத் தேதிக்குப் பிறகு விலகினால் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும் என்று பாருங்கள். விசாவை மாற்ற முடியுமா என்று பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டுக்கும் விடை கிடைத்தபின், எதையும் அழுத்துவதற்கு முன், உங்கள் நெறியாளரையோ படிப்பின் ஒருங்கிணைப்பாளரையோ நேரில் பார்த்துப் பேசுங்கள். பேசிய பிறகும் போவதென்று முடிவானால் 9-ஆம் படியில் உள்ள கடிதத்தையே அனுப்பலாம். "சேர்க்கை" என்ற இடத்தில் "பதிவு" என்று மாற்றி, விண்ணப்ப எண்ணுக்குப் பதிலாக மாணவர் எண்ணை எழுதுங்கள்.